இறக்கைக்குள் முதலில் பாருங்கள், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்

வாசகர் கேள்வி:

அமெரிக்காவில், ஓஹாயோவில் இருக்கிறேன். பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். இதுவரை ஓட்டியதெல்லாம் செஸ்னா 172. நெடுநாள் ஆசைப்படி இந்த வருடம் 1943-ல் கட்டிய போயிங் ஸ்டியர்மன் ஒன்றை வாங்கிவிட்டேன். 220 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். துணி 1998-ல் போர்த்தியது, இன்னும் புதுசு மாதிரி பளபளக்கிறது. அதனால் கையில் இருக்கும் பணத்தை மேம்பாட்டுக்குச் செலவிடலாம் என்று நினைக்கிறேன். 450 குதிரைத்திறன் பிராட் அண்ட் விட்னி எஞ்சினுக்கு மாறலாமா? டிஸ்க் பிரேக், எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் எல்லாம் அவசியமா? பராமரிப்பில் எந்த வேலைகளை நானே செய்யலாம்? என் பத்து வயது மகளை முன் இருக்கையில் உட்கார வைத்துப் பறக்க ஆசை. அதற்கு என்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்:

முதலில் வாழ்த்துகள். அமெரிக்க ராணுவமும் கடற்படையும் இரண்டாம் உலகப் போரில் தங்கள் விமானிகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த விமானம் இது. கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் 8,000-க்கும் மேல் கட்டினார்கள். பயிற்சி மாணவர்கள் தரையில் போட்டு அடிப்பார்கள் என்று தெரிந்தே வலுவாகக் கட்டிய விமானம். இரட்டை இறக்கை விமானங்களில் முதல் முறை சொந்தக்காரராக ஆகிறவருக்கு இதைவிட நல்ல தேர்வு சொல்வது கஷ்டம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். “துணி 1998-ல் போர்த்தியது, இன்னும் புதுசு மாதிரி பளபளக்கிறது. அதனால்…” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘அதனால்’ சரியில்லை. துணி நன்றாக இருப்பது துணியைப் பற்றித்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் மரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஸ்டியர்மனின் உடல் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்தது. இறக்கைகள் நான்கும் (மேலே இரண்டு, கீழே இரண்டு) மரம். நீளவாட்டில் ஓடும் ஸ்பார்கள் ஸ்புரூஸ் மரத்தில் செய்தவை, குறுக்கே மர ரிப்கள், மேலே துணி. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்தத் துணி பருத்தி. கிரேடு ஏ என்று பெயர். புதுத் துணியில் ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுவையாவது தாங்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் நைந்து 56 பவுண்டுக்குக் கீழே போய்விட்டால் அந்தத் துணியோடு பறக்கக் கூடாது. பருத்திக்கு ஆயுள் குறைவு என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை முழுவதையும் உரிக்க வேண்டியிருந்தது. செலவும் எரிச்சலும் பிடித்த வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் ஒரு மெக்கானிக் அந்த மரத்தை வெளிச்சத்தில் வைத்து, தொட்டுத் தடவிப் பார்த்தார்.

பிற்பாடு பாலியெஸ்டர் துணி வந்தது. ஹேங்கர் என்ற விமானக் கொட்டகைக்குள் நிறுத்தினால் பல பத்தாண்டுகள் தாங்கும். இந்த வகை விமானங்களுக்குக் கிடைத்த மிக நல்ல மேம்பாடு என்று அதைத்தான் சொல்வேன்; யாரும் பருத்திக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் துணியின் ஆயுள் கூடியதால் மரத்தைத் திறந்து பார்க்கும் அந்தப் பழைய சந்தர்ப்பம் போய்விட்டது. உங்கள் விமானத்தின் ஸ்பார்களை 1998-க்குப் பிறகு யாரும் முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்ததெல்லாம் சின்னச் சின்ன வட்டத் துளைகள் வழியாகத்தான்.

எந்த மேம்பாடானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது? உங்கள் மற்ற கேள்விகளுக்கும் இதை வைத்தே பதில் சொல்லப் போகிறேன்.

இப்போதைக்கு மரம். முழுத் துணியையும் உரிக்கச் சொல்லவில்லை. போனிலோ லேப்டாப்பிலோ மாட்டுகிற போர்ஸ்கோப் கேமரா ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. உங்கள் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, இறக்கையின் அடிப்புறத்தில் இருக்கும் எல்லா மூடிகளையும் திறங்கள். திறந்தவுடன் மூக்கை வையுங்கள். உலர்ந்த மரமும் வார்னிஷும் ஒரு மாதிரி மணக்கும். பூஞ்சையும் ஈரமும் வேறு மாதிரி. அந்த வித்தியாசத்துக்கு அனுபவம் வேண்டாம், யாருக்கும் தெரியும். தேவையான இடத்துக்குத் துளை எட்டவில்லை என்றால் அங்கே புதிதாக வளையம் ஒட்டி ஒரு துளை வெட்டச் சொல்லுங்கள். அது சிறிய வேலை. பளபளக்கும் பெயின்ட்டில் கத்தி வைக்க மனசு வராது. இருந்தாலும் வையுங்கள்.

முக்கியமாக எங்கே பார்ப்பது? கீழ் இறக்கைகள் உடலோடு சேரும் வேர்ப்பகுதி முதலில். ஏறி இறங்கும்போது எல்லோரும் மிதிப்பது அந்த இடத்தைத்தான். இறக்கை நுனி சற்று உயர்ந்து நிற்பதால், உள்ளே போன தண்ணீர் வேர்ப்பக்கம் வழிந்து அங்கேதான் தேங்கும். பின்விளிம்பின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு ஓட்டைகள் வைத்திருப்பார்கள். பெயின்ட் அடிக்கும்போது அவை அடைபட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. ஒரு குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திப் பாருங்கள். அடைபட்ட ஓட்டைக்கு நேர் மேலே இருக்கும் மரத்தைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

அடுத்து, மேல், கீழ் இறக்கைகளை இணைக்கும் ஸ்ட்ரட்டுகள் ஸ்பாரில் பிடிக்கும் இடங்கள். போல்ட் துளையைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் இரும்புத் துருவும் ஈரமும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இதைவிட நுட்பமான பழுது ஒன்று உண்டு. எப்போதோ ஒரு முரட்டுத் தரையிறக்கத்தில், அல்லது இறக்கை நுனி தரையில் இடித்தபோது, ஸ்பாரின் ஒரு பக்க நார்கள் நசுங்கியிருக்கும். மரம் உடைந்திருக்காது. நார் ஓட்டத்துக்குக் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு சுருக்கம் மட்டும் இருக்கும். டார்ச்சை நேராக அடித்தால் அது கண்ணில் படாது. மரத்தின் மேல் ஏறக்குறையப் படுக்க வைத்தபடி, நார் ஓடும் திசையிலேயே ஒளியை ஓடவிட வேண்டும். அப்போது அந்தச் சுருக்கம் ஒரு மெல்லிய நிழல்கோடாக எழும். இப்படிப்பட்ட ஸ்பாரோடு பறக்கவே கூடாது. மெக்கானிக் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால் வேறு மெக்கானிக்கைத் தேடுங்கள்.

பசையையும் விசாரியுங்கள். அந்தக் காலத்து மர விமானங்களில் கேசீன் பசை பரவலாகப் பயன்பட்டது. பாலிலிருந்து எடுக்கும் புரதம்தான் கேசீன். ஈரமும் பூஞ்சையும் அதைத் தின்றுவிடும். பிறகு வந்த ரிசார்சினால், எபாக்சி பசைகளுக்கு அந்தப் பயம் குறைவு. உங்கள் இறக்கைகள் 1998-ல் புதிதாகக் கட்டப்பட்டவையா, பழைய மரத்தின் மேல் புதுத் துணி மட்டும் போர்த்தினார்களா என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. பதில் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் ஓக்லஹோமா சிட்டி பதிவகத்தில் உங்கள் விமானத்தின் முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், சின்னக் கட்டணம்தான். பெரிய பழுது, பெரிய மாற்றம் எல்லாவற்றுக்கும் போட்ட 337 படிவங்கள் அதில் வரும். வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும், பரவாயில்லை, இந்த வாரமே செய்யுங்கள்.

அந்தக் கோப்பில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். போருக்குப் பிறகு அரசு இந்த விமானங்களை உபரியாக விற்றபோது ஆயிரக்கணக்கானவை விவசாயத்துக்குப் போயின. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மருந்துத் தொட்டியை வைத்துப் பயிர்களுக்குத் தூவினார்கள். உங்களுடையதும் அந்த வேலை பார்த்திருந்தால், உடலின் எஃகுக் குழாய்களை, அதிலும் வால் பக்கத்துக் கீழ்க் குழாய்களைக் கூர்முனைப் பஞ்ச்சால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ரசாயனங்கள் இரும்புக்கு ஆகாதவை. குழாய் உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளிப் பெயின்ட் அப்படியே இருக்கும், சுவர் மட்டும் மெலிந்துகொண்டே வரும்.

எலிகளையும் விட்டுவிடாதீர்கள். ஓஹாயோ குளிரில் ஹேங்கருக்குள் வரும் எலிக்கு ஸ்டியர்மன் இறக்கை நல்ல வீடு. கூடு கட்டுவதுகூடப் பிரச்சினை இல்லை, அதன் சிறுநீர் மரத்தையும் அலுமினியத்தையும் பொருத்திகளையும் அரிக்கும். கேமராவில் நூலும் பஞ்சும் தெரிந்தால் சிரித்துவிட்டு விடாதீர்கள். கூட்டை எடுத்து, அதன் அடியில் இருப்பதைப் பாருங்கள்.

துணிக்கும் ஒரு சின்னச் சோதனை. பாலியெஸ்டருக்கு எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். அதைத் தடுக்கத்தான் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சை உள்ளடுக்காகப் பூசுகிறார்கள். இருட்டிய பிறகு ஹேங்கர் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு துளை வழியாக இறக்கைக்குள் பளிச்சென்ற விளக்கை விடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல இடம் கறுப்பாகவே இருக்கும். ஒளி கசிகிற இடத்தில் பூச்சு போதவில்லை. மேல் இறக்கையின் மேற்பரப்புதான் வெயில் தின்னும் இடம், அதை விட்டுவிடக் கூடாது.

இனி, நீங்களே செய்யக்கூடிய வேலைகள். இதில் எஃப்.ஏ.ஏ. தாராளமாகவே இருக்கிறது. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து விதிகளின் 43-ஆவது பகுதியில், பின்னிணைப்பு ஏ-யில் தடுப்புப் பராமரிப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. பிரைவேட் பைலட் லைசென்ஸ் உள்ளவர் தன் விமானத்தில் அந்த வேலைகளைத் தானே செய்து, தானே கையெழுத்திடலாம். டயர் கழற்றி மாட்டுவது, சக்கர பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைப்பது, ஷாக் ஸ்ட்ரட்டுக்கு எண்ணெயும் காற்றும் நிரப்புவது, அறுந்த பாதுகாப்புக் கம்பி, காட்டர் பின் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்து இடைவெளி சரிசெய்வது, எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது, பேட்டரி எல்லாம் அதில் அடங்கும். ரிப் தையல் தேவைப்படாத சிறு கிழிசலுக்குத் துணி ஒட்டுப் போடுவதும் அனுமதி.

அதற்கு வெளியே இருப்பதில் கை வைக்காதீர்கள். மேக்னட்டோ (பிளக்குக்குப் பொறி தரும் கருவி) டைமிங், கன்ட்ரோல் கேபிள், இறக்கைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்திருக்கும் கம்பிகளின் இறுக்கம் இவை உங்கள் கையெழுத்தில் வராது. ஆனால் மெக்கானிக் பக்கத்தில் இருந்து, செய்வதைப் பார்த்து, தன் கையெழுத்தைப் போட ஒப்புக்கொண்டால் நீங்கள் அந்த வேலைகளையும் செய்து பழகலாம். நல்ல சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கற்கிறார்கள். ஆண்டுச் சோதனைக்கு மூடிகளைத் திறப்பது, கழுவுவது, கிரீஸ் வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். பார்த்து முடிவு சொல்வது மட்டும் ஐ.ஏ. என்ற சோதனை அங்கீகாரம் உள்ள மெக்கானிக்கின் வேலை. அவர் பார்க்கும்போது பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.

நீங்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் லாக்புக்கில் பதிவு கட்டாயம். என்ன செய்தீர்கள், தேதி, கையெழுத்து, லைசென்ஸ் எண், அது எந்த வகை லைசென்ஸ், இவ்வளவும் வேண்டும். பிளக் மாற்றியதைக்கூட எழுதாமல் விடாதீர்கள். பல வருடம் கழித்து இந்த விமானத்தைத் திறக்கப்போகும் மெக்கானிக்குக் கைவிளக்கு அதுதான்.

எஞ்சினில் உங்கள் கை தினமும் பட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செஸ்னாவில் இல்லாதது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கான்டினென்டலில் ஏழு சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. அணைத்துவிட்டு நிறுத்தியதும் எண்ணெய் மெல்ல இறங்கி, கீழே தலைகீழாகத் தொங்கும் சிலிண்டர்களுக்குள் பிஸ்டனைத் தாண்டிச் சேரும். எண்ணெயை அமுக்க முடியாது. அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் மேலேறும் பிஸ்டன் எண்ணெயில் முட்டி, கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் அப்போதே தெரியும். சில சமயம் கொஞ்சம் வளைந்ததோடு ஓடிக்கொண்டிருந்துவிட்டு, வேறொரு நாள் வானத்தில் உடையும்.

அதனால் ஒவ்வொரு நாளின் முதல் ஸ்டார்ட்டுக்கும் முன்னால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மேக்னட்டோ அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, புரொப்பல்லரைச் சுழலும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். மேக்னட்டோ அணைந்திருந்தாலும் எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் ஓடத் தொடங்கும் என்று நினைத்தே நில்லுங்கள். ஏழு சிலிண்டரும் தன் முறைக்கு வர இரண்டு முழுச் சுற்று வேண்டும். இரண்டு பிளேடு புரொப்பல்லரில் அது நான்கு பிளேடு. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் மெத்தென்று எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுக்கும். எண்ணெய் நின்றிருந்தால் சுவரில் முட்டியது மாதிரி டக்கென்று நிற்கும். நின்றால் பலம் போடாதீர்கள். பின்பக்கம் சுற்றியும் விடுவிக்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்த எண்ணெய் வால்வு வழியாக இன்டேக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மொத்தமாகத் திரும்ப உள்ளே வரும். கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிடுவதுதான் ஒரே வழி. பிளக் கழற்றுவது உங்கள் பட்டியலில் இருக்கிற வேலைதான். அடியில் ஒரு டப்பா வைத்து, வருவதைப் பாருங்கள், அவ்வளவுதான்.

பிளக் என்றதும் பெட்ரோல் ஞாபகம் வருகிறது. இந்த எஞ்சின் 73 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைத்தது. இன்று விமான நிலையத்தில் கிடைக்கும் 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோலில் அதற்குத் தேவையில்லாத ஈயம் இருக்கிறது. பிளக்கில் சாம்பல் நிற மணிகளாகப் படிவது அதுதான். தரையில் ஓடும்போது மிக்ஸ்சரில் பெட்ரோலைக் குறைத்து வைத்தால் கொஞ்சம் தணியும். எத்தனால் கலக்காத கார் பெட்ரோல் போட அனுமதிக்கும் துணைச் சான்றிதழ்கள் சில எஞ்சின்களுக்கு இருக்கின்றன. உங்கள் எஞ்சின், விமானம் இரண்டின் மாடல் எண்ணுக்கும் பொருந்துகிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டபின் போடுங்கள். எத்தனால் கலந்தது மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய ரப்பரையும் சீலையும் கெடுத்துவிடும்.

சரி, 450 எஞ்சினுக்கு வருகிறேன். பிராட் அண்ட் விட்னி ஆர்-985 அருமையான எஞ்சின். ஒன்பது சிலிண்டர், சத்தமே தனி. மருந்து தூவின காலத்திலேயே ஏராளமான ஸ்டியர்மன்களில் மாட்டியிருக்கிறார்கள், வழிமுறையும் அங்கீகாரமும் பழகியவை. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும், அதற்கு ஈடுகொடுக்கத் தேவையான திறன் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். அதாவது குதிரைத்திறனை இரண்டு மடங்காக்கினால் உச்ச வேகம் கால் பங்கு கூடினாலே அதிகம். நான்கு இறக்கை, இத்தனை கம்பி, ஸ்ட்ரட், திறந்த காக்பிட் எல்லாம் அப்படியேதான் காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்கும். மேலேறும் வேகம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். அதற்கு விலை என்ன? எஞ்சின் எடை மட்டுமே ஏறக்குறைய 200 பவுண்டு அதிகம், அதுவும் மூக்கில். மேல் இறக்கை நடுவில் இருக்கும் டேங்க் 46 காலன். இப்போது மணிக்கு 13 காலன் போல எரிகிறது. மூன்றரை மணி நேரம் பறக்கலாம். 450-ல் மணிக்கு இருபதுக்கு மேல் எரியும். இரண்டு மணி நேரம்தான், அதிலும் கடைசி அரை மணியைச் சட்டப்படி தொடக் கூடாது. ஓஹாயோவில் இருந்து இல்லினாய் மாநிலம் கேல்ஸ்பர்க்கில் நடக்கும் ஸ்டியர்மன் கூடுகைக்குப் போக ஆசைப்படுவீர்கள் அல்லவா, அந்தப் பயணத்தில் இதன் அருமை தெரியும்.

கொலராடோ மாதிரி உயரமான இடத்தில் இருப்பவர், ஏர்ஷோவில் தலைகீழாகப் பறப்பவர், இறக்கைமேல் ஆளை நிறுத்திப் பறப்பவர், இவர்களுக்கெல்லாம் 450 தேவை. உங்கள் ஊர் தாழ்வான சமவெளி, புல்தரை ஓடுபாதைகள். 220 போதும். அந்தப் பணத்தை எஞ்சினுக்கு ஒதுக்கியே தீருவேன் என்றால், இருக்கிற கான்டினென்டலை அந்த வகை எஞ்சின் தெரிந்த ஒரு நல்ல பட்டறையில் ஓவர்ஹால் செய்யும் நாளுக்குச் சேர்த்து வையுங்கள். கூடவே வெளியே மாட்டும் எண்ணெய் ஃபில்டர் ஒன்று அங்கீகாரத்தோடு கிடைத்தால் போடுங்கள். பழைய சல்லடை பெரிய துணுக்கைத்தான் பிடிக்கும். ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் பேரிங் பொடி ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

பிரேக்: பழைய டிரம் பிரேக் சரியில்லை என்று நிறையப் பேர் டிஸ்க்குக்கு மாறுகிறார்கள். உதிரிப் பாகம் எளிதாகக் கிடைக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். இவை நல்ல காரணங்கள். ஆனால் ஸ்டியர்மன் உயரமான, கால் அகலம் குறைந்த, பின்சக்கர விமானம். எடை மையம் முன்சக்கரங்களுக்கு மேலேயும் சற்றுப் பின்னாலேயும் இருக்கிறது. பலமாக மிதித்தால் வால் எழும்பி மூக்கு தரையில் குத்தும். பழைய பலவீனமான பிரேக் அந்தத் தவறைச் செய்யவிடாது, புது டிஸ்க் விடும். செஸ்னாவில் பழகிய கால் பிரேக்கைத்தான் தேடும். எனவே பின்சக்கரப் பயிற்சி முடித்து, ஸ்டியர்மனில் பழகிய பயிற்றுநர் ஒருவரோடு காற்று வீசும் நாட்களிலும் பறந்து, பிரேக் இல்லாமலேயே ரட்டரால் (வால் சுக்கானால்) நேராக ஓட்ட வந்த பிறகு மாற்றுங்கள். இப்போதைக்கு இருக்கும் பிரேக்கைச் சரியாகச் செட் செய்து, பின்சக்கரத்தின் பூட்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தரையில் சுழன்றுவிடும் பல ஸ்டியர்மன்களின் கதை வாலில்தான் தொடங்குகிறது.

எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் அப்படித்தான். கையால் கிராங்க் சுற்றி ஸ்டார்ட் செய்கிறவர் ஒவ்வொரு முறையும் எஞ்சினைத் தொடுகிறார். பொத்தான் வந்ததும் புரொப்பல்லரைக் கையால் சுற்றும் பழக்கம் மறந்துபோகும். மேலே சொன்ன எண்ணெய்ப் பிரச்சினை பொத்தானுக்கு அப்புறமும் போகாது. தனியாகப் பறக்கிறவருக்கு ஸ்டார்ட்டர் பாதுகாப்பு என்பதை மறுக்கவில்லை. போடுவதென்றால் போடுங்கள், புரொப்பல்லர் சுற்றுவதைச் செக்லிஸ்ட்டின் முதல் வரியாக எழுதி ஒட்டுங்கள். இன்னொரு விஷயம்: எஞ்சினால் இயங்கும் மின்சார அமைப்பு இல்லாமல் சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கு ஏ.டி.எஸ்.-பி. (விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி) விதியில் சில வான்பகுதிகளில் விலக்கு உண்டு. ஜெனரேட்டரோ ஆல்டர்னேட்டரோ சேர்த்தால் அந்த விலக்கு போய்விடும். பேட்டரியை மட்டும் வைத்து, ஹேங்கரில் சார்ஜ் செய்துகொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் விமானம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை வயரைத் தொடுவதற்கு முன்பே காகிதத்தில் பார்த்துவிடுங்கள்.

உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்று எப்போதாவது நிற்பீர்கள். அப்போது நினைவில் இருக்கட்டும்: சொந்தக்காரர் தன் விமானத்துக்காகத் தானே ஒரு பாகத்தைச் செய்துகொள்ளவும், தன் மேற்பார்வையில் செய்விக்கவும் விதி இடம் தருகிறது. மூல வரைபடம், சரியான உலோகம், அளவு எல்லாம் பொருந்த வேண்டும், மெக்கானிக்தான் மாட்டுவார். ஸ்டியர்மனுக்கு வரைபடங்களும் அறிவும் பகிர்ந்துகொள்ளும் சங்கத்தார் இருக்கிறார்கள். சேருங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் பிரச்சினையை ஏற்கெனவே பார்த்திருப்பார்.

கடைசியாக உங்கள் மகள். கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இறக்கைகளைப் பார்த்து முடித்து, நீங்களும் விமானமும் ஒருவருக்கொருவர் பழகிய பிறகு. ஸ்டியர்மனைத் தனியாக ஓட்டுவது பின் இருக்கையிலிருந்து. முன் இருக்கையில் இருக்கும் அவள் தலை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும், அவளைத் தொட எட்டாது. அதனால் வேலை செய்யும் இன்டர்காம் வேண்டும், காதுக்குச் சரியாகப் பொருந்தும் ஹெட்செட் வேண்டும். முன்பக்கத்து ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கோலை) கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முன்னால் பெடலில் கால் படாமல் உட்கார்கிறாளா பாருங்கள். உயரத்துக்காகத் தளர்வான தலையணை எதையும் வைக்காதீர்கள். நழுவி ஸ்டிக் இருக்கும் இடத்துக்குப் போகும், பெல்ட்டும் தளரும்.

பெல்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல பழைய விமானங்களில் வெறும் இடுப்புப் பெல்ட்தான் இருக்கிறது, துணியும் வருடக்கணக்கில் வெயில் தின்றதாக இருக்கிறது. இரண்டு இருக்கைக்கும் தோள் பட்டையோடு சேர்ந்த புது ஹார்னஸ், எஃகுச் சட்டத்தில் சரியாகப் பொருத்தியது, மெக்கானிக்கின் கையெழுத்தோடு வேண்டும். தரையில் விமானம் கவிழ்ந்தால் முகம் டாஷ்போர்டில் மோதாமல் காப்பாற்றுவது அதுதான். இத்தனை மேம்பாடுகளையும் எடைபோட்டுப் பார்த்தேன், எதையும் எடுத்துக்கொள்ளாமல் கொடுக்க மட்டும் செய்வது இது ஒன்றே. இறக்கை மூடிகளைத் திறக்கும் அதே வாரத்தில் இதற்கும் அளவெடுக்கச் சொல்லிவிடுங்கள்.